முன்சக்கரத்தில் காய்ந்த சந்தனம்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத்தான் அந்தப் படங்களைப் பார்த்தேன். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. பார்த்த மறுகணம் மகனை அழைத்தேன். அழைப்பு போகவில்லை. திரையின் மூலையில் அந்த எண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

நவீன் எங்கள் ஒரே மகன். வெள்ளியங்காட்டுக்கு மேலே மலைக் கிராமங்களில் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சுகாதார நிலையத்துக்கும் வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் இறக்கிக்கொண்டு வருவது அவன் தொழில். வண்டி, அவன் வயதைவிடப் பழைய ஒரு ஃபோர் வீல் ஜீப். மேலே தார் ரோடு முடிந்த பிறகு ஓடைகளைத் தாண்டிப் போகிற மண் தடத்துக்கு வேறு வண்டி ஆகாது. ஒரு வாரமாக ஜீப் எங்கள் வீட்டுக் கொட்டகையில் வேலையில் நின்றிருந்தது. நண்பனின் வண்டி அவனுக்குப் பதிலாக ஓடியது. அன்று நண்பகலில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, மாலை இறக்கத்துக்கு நவீன் தன் வண்டியிலேயே கிளம்பிப் போனான்.

மலை அடிவாரத்து டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்தான். பானெட்டில் சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களின் நடுவிலும் பூசாரி கை நிறைய அள்ளி அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம். பின்சக்கரத்தில் சந்தனம் அப்பிய ஈரத்தோடு மஞ்சளாக இருந்தது. முன்சக்கரத்தில் அது வெளுத்து, பாளம் பாளமாக வெடித்து, ஓரத்தில் உதிர்ந்திருந்தது. அடுத்த படத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கமும் பின்னால் ஈரம், முன்னால் வெடிப்பு.

ஐப்பசி மாதம். காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. முதல் நாள் கொடியில் போட்ட துணிகூடக் காயவில்லை. அந்தச் சந்தனம் மட்டும் எப்படிக் காய்ந்தது?

முன்சக்கரம் இரண்டும் கொதிக்கின்றன. பெடலை மிதிக்காதபோதும் முன் பிரேக்குகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே ஏறும்போது அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மாலையில் ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு அவன் அந்த மலையை இறங்க வேண்டும்.

மறுபடியும் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அடிவாரத்தைத் தாண்டினால் இறங்கி வரும்வரை அவனுக்கு சிக்னல் கிடையாது.

ஜீப் பிரேக்குகளைப் பரிசோதித்தே ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கம்பெனிப் பிள்ளைகள், "அக்கா, உங்க சர்வீசைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க, சங்கத்து ஆண்டு மலர்ல போடலாம்" என்று பிரிவு விழாவில் கேட்டிருந்தார்கள். வேறு விதமாக எழுத நினைத்திருந்தேன். இந்த ஒரு நாளைச் சொல்லாமல் இனி எதையும் சொல்ல முடியாது.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பெரியநாயக்கன்பாளையத்தில் பழைய ஜீப்புகளை அக்கக்காகக் கழற்றிப் புதுப்பித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ் துடைத்தேன், அளவு பார்க்கும் கேஜ் பிடிக்கப் பழகினேன், பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு பரிசோதனைப் பிரிவில் போட்டார்கள். கடைசிவரை அங்கேயே இருந்தேன்.

வேங்கடசாமி சார் எங்கள் ஃபோர்மேன். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் எங்கள் தமிழ், கோபம் வந்தால் எந்த மொழியும் கிடையாது. அவருடைய முறைகள் இரண்டு. வேலை முடிந்த வண்டி அன்றே வெளியே போகக் கூடாது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடியில் விரித்து, அதன்மேல் ஓர் இரவு நிறுத்த வேண்டும். காலையில் அட்டையில் விழுந்திருக்கும் கறையைப் பார்த்தால் எங்கே கசிகிறது, கசிவது ஆயிலா பிரேக் எண்ணெயா என்று தெரிந்துவிடும். பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில், கூடுமானவரை பிரேக் தொடாமல் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். வண்டி நின்றதும் அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார், துணியில் துடைப்பார், ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைப்பார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். நான்கும் ஒரே சூடாக இருந்தால் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், "இவனுக்குக் காய்ச்சல்" என்பார். அவ்வளவுதான். எதனால் காய்ச்சல் என்பதை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் கேட்டால் அவரிடமிருந்து பதில் வராது. அவருக்குக் காரணம் தெரியுமா என்றே எனக்குச் சில சமயம் சந்தேகம் வந்திருக்கிறது.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு உண்டு. பெடலை மிதித்தால் எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளிவிடுகிற உருளைதான் மாஸ்டர் சிலிண்டர். அதன் வாயில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இந்த வால்வு உட்கார்ந்திருக்கும். சிலிண்டருக்குள் தேய்ந்த ரப்பரை மாற்றுகிறவர்கள் பலர் இதை ஒரு பொருட்டாக நினைக்காமல் தூக்கிப்போட்டுவிடுவார்கள். பரிசோதனைப் பிரிவுக்கு வந்த புதிதில் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்று அப்படித்தான் வந்தது. முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும்.

"அது ஒண்ணுமில்லீங்க அம்மணி. ரெண்டு மிதி மிதிச்சாப் புடிச்சுக்கும். எங்க மொதலாளியும் அப்புடித்தான், ரெண்டு தடவ சொன்னாத்தான் காதுல உழுகும்" என்றார் அந்த வண்டி டிரைவர்.

மாஸ்டரைக் கழற்றிப் பார்த்தேன். வால்வு இல்லை. வண்டிக்காரர் அவசரமாக அன்றே எடுத்துப் போக வந்து நின்றார். வேங்கடசாமி சார் என்னைப் பார்த்து, "நீ கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டார். "போடமாட்டேனுங்க சார்" என்றேன். அவர் வண்டிக்காரரிடம் போய்க் கையை விரித்தார். "அம்மணி போடமாட்டேங்குது. நான் என்னங்க பண்றது?" சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று முதல் பட்டறையில் என் கையெழுத்துக்கு ஒரு கனம் வந்தது. வால்வு இல்லாத மாஸ்டர் என் மேஜையைத் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கையில் வைத்துக் காட்டுவது அந்த வால்வைத்தான்.

காரணத்தை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் லேசான அழுத்தம் மிச்சமிருந்தால்தான் சக்கரத்தருகே இருக்கும் ரப்பர்கள் விரிந்து நின்று காற்றை உள்ளே விடாமல் அடைத்துக்கொள்ளும். அந்த மிச்ச அழுத்தத்தைப் பிடித்து வைப்பது இந்த வால்வு. டிரம்முக்குள்ளே வலுவான ஸ்பிரிங் உண்டு. அந்தச் சிறு அழுத்தத்தை மீறி அது பிரேக்கை விடுவித்துவிடும்.

பின்னாளில் வண்டிக்காரர்கள் பவர் ஸ்டியரிங் கேட்டார்கள், ஐந்து கியர் பெட்டி கேட்டார்கள், எல்லாம் செய்து கொடுத்தோம். முன்னால் டிஸ்க் பிரேக் கேட்டவர்களை மட்டும் எங்கள் முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். "பிரேக்குல புதுசு பண்றது நமக்கு வேண்டாமுங்க" என்பார். எனவே என் சர்வீஸ் முழுவதும் டிரம்மோடு முடிந்தது.

நவீன் டிஸ்க் வேண்டும் என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காந்திபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டு இந்த ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து மாலையானால் என் காது தெருவில்தான் இருக்கும். ஓடைத் தண்ணீரில் நனைந்தால் டிரம் பிரேக் கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது. டிஸ்க் அப்படியில்லை. "செய்யி கண்ணு" என்றேன்.

அவனும் அவன் நண்பன் ஒருவனும் கொட்டகையில் வேலை பார்த்தார்கள். முன் அச்சில் டிரம்மைக் கழற்றி டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் ஏற்றினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் நான் இழுத்துப் பார்த்தேன். பின்னால் பழைய டிரம். மாஸ்டரும் பழையதுதான், உருளை நன்றாக இருந்ததால் ரப்பர் மட்டும் புதிது. அதைக் கோக்கும்போது நவீன் உள்ளங்கையில் அந்த வால்வை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்.

"ஏம்மா, இது போடோணுமா?"

"அதில்லாத மாஸ்டருக்கு நான் கையெழுத்தே போட்டதில்ல" என்றேன்.

"உங்கம்மா பாஸ் பண்ணிப்போட்டா ஆர்.டி.ஓ. எதுக்குடா" என்றான் நண்பன்.

டிஸ்க்குக்குத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் கிடையாது. டிரம்முக்குக் காவலாக இருக்கும் அதே மிச்ச அழுத்தம், டிஸ்க்கின்மேல் உராய்கிற பேடை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம். நானும் படித்திருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அத்தனை வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம்தான்.

சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றிப் பார்த்தபோது லேசாக உரசியது. "புது பேடு, கொஞ்சம் ஒரசத்தாம்மா செய்யும்" என்றான் நவீன். அதுவும் உண்மை. புதுப் பேட் உரசும். ஓட்டிப் பார்த்துப் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அன்று இரவு அட்டை விரித்து நிறுத்திவிட்டு மறுநாள் ரோட்டில் பார்ப்பதாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அடுத்த தாளையும் படித்துவிடுகிற மனிதர். வேலை முடிந்த வியாழக்கிழமை காலையில் வந்து நின்றார்.

"இன்னைக்கே எடுத்துரோணும் அம்மணி. நாளைக்குக் கரிநாளு. பூஜை போட்ட கையோட அவன் மலைக்குப் போகட்டும்."

"ஒரு ராத்திரி நிறுத்திப் பாக்கோணுமுங்க. ஓட்டிப் பாக்கோணும்."

"கோயிலுக்கு ஓட்டறதே ஓட்டிப் பாக்கறதுதான? கரிநாள்ல வண்டிய எடுத்து எவனாச்சும் நல்லாயிருந்திருக்கானா? உங்க கம்பெனிச் சட்டமெல்லாம் கம்பெனியிலயே இருக்கட்டும்."

சனிக்கிழமை வரை தள்ளினால் நண்பனின் வண்டி கிடைக்காது. நவீன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் மறுபடி சொல்லவில்லை. கோயில் தெருமுனையில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தில் எந்தச் சக்கரமும் சுடாது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கி, ராகு காலத்துக்கு முன்னால் மகன் கிளம்பிவிட்டான் என்று அவருக்கு ஒரே திருப்தி.

அந்தப் படங்களோடு அவரிடம் போனபோது அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். சந்தனத்தைக் காட்டிச் சொன்னேன். ஒரு தடவை சொன்னதும் புரிந்துகொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

காரமடை வரைக்கும் லாரிகளுக்கு நடுவே ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து நான் அழைத்துக்கொண்டே வந்தேன். காரமடையில் மழை பிடித்தது. ஓரமாக நிற்கலாம் என்று இருவருமே சொல்லவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே, "நாந்தான் கெளப்பி உட்டேன்" என்றார்.

"வால்வு போடச் சொன்னது நானுங்க" என்றேன்.

கேட் திறந்ததும் முதலில் கிளம்பியது எங்கள் ஸ்கூட்டர்தான்.

மலையடி வனத்துறைச் செக்போஸ்ட்டில் கட்டையைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். காவலுக்கு ஓர் இளைஞர் இருந்தார்.

"ஏனுங்க்கா, எங்க போறீங்க? நாலு மணிக்கு மேல டூவீலர் உடறதில்லீங்க. நேத்தைக்கு ரெண்டாவது வளைவுலயே ஒத்தையானை நின்னுதுங்க."

"என் பையன் மேல இருக்கறான் தம்பி. அவன் வண்டியில பிரேக்கு போயிரும். எறங்கறதுக்குள்ள சொல்லோணும்."

அவர் என்னையும் நனைந்த சேலையையும் பார்த்தார். "போயிருச்சுங்களா, போயிருமுங்களா?"

"போயிரும்."

"அது எப்புடீங்க இங்க இருந்தே தெரியும்?"

படத்தைக் காட்டினேன். அவருக்கு அது சந்தனம் வைத்த ஜீப்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் நல்ல பிள்ளை. வயர்லெஸ்ஸை எடுத்து மேல் செக்போஸ்ட்டைக் கூப்பிட்டார். "பச்சை ஜீப்பு ஒண்ணு வரும். நிறுத்திப்போடுங்க. பிரேக்கு சரியில்லையாமா" என்றார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"மாலை போட்ட ஜீப்புங்களா? அது அப்பவே எறங்கிருச்சுங்க. ஆளுக இருந்தாங்க."

வீட்டுக்காரர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலர் உள்ளே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு, "உக்காருங்க்கா. எத்தனையோ வண்டி வந்து போகுதுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். ரோடு எனக்கு முன்னால் மேலே ஏறி, மூங்கில் புதருக்குப் பின்னால் திரும்பி மறைந்தது.

அங்கே என்ன நடக்கும் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். அதுதான் கொடுமை. ஏறும்போதே சூடான டிஸ்க், இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மேலும் சூடாகும். சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குப் போகும். அங்கிருக்கும் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் அதற்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். எண்ணெயை அழுத்த முடியாது, அதனால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆவியை அழுத்தினால் அமுங்கிவிடும். பெடல் முதலில் மெத்தென்று ஆகும். அடுத்த வளைவில் பாதி வரைக்கும் போகும். அதற்கடுத்த வளைவில் தரையைத் தொடும். அந்தப் பழைய மாஸ்டரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. முன்னால் போனால் பின்னாலும் போகும். ஹேண்ட் பிரேக் மட்டும் தனி வழி. கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைப் பிடிப்பது. மெதுவாகப் போகும்போது நிறுத்தும். வேகத்தில் அது ஒன்றுக்கும் ஆகாது.

பெடல் மெத்தென்று ஆகிறபோதே அவன் கவனித்தானா? கவனித்து கியரைக் குறைத்தானா? பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறவர்கள் நடுவே அது தெரிந்திருக்குமா? பள்ளம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். பாதி வழி வரை இடது பக்கம். அதற்குப் பிறகு வலது.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "ஒனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவனுக்கும் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் இப்புடி நடுங்கற?"

எனக்குத் தெரிந்ததால்தானே இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மூங்கில் புதருக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. எழுந்துவிட்டேன். வந்தது மாலைப் பேருந்து. காவலர் கட்டையைத் தூக்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். "மேல பச்சை ஜீப்பு பாத்தீங்களா?" என்று டிரைவரைக் கேட்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் இறங்கினார். சுகாதார நிலையத்து நர்ஸ். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறார். தினமும் நவீன் வண்டியில் போகிறவர்.

"ஏனுங்க்கா, நீங்க எங்க இங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆகலீங்க. எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க."

"நவீன்?"

"நல்லாத்தான் இருக்கறாருங்க. கருகுன வாசம் வந்துது. நாந்தான் தம்பிகிட்டச் சொன்னேன். தெரியுதுங்க்கா, கம்முனு உக்காருங்கன்னாரு. எஞ்சின் ஓவ்வுன்னு கத்துச்சு, வண்டி மெதுவாச்சு, அப்புடியே மண்மேட்டுல ஒரசி நிறுத்திப்போட்டாரு. டீச்சர் ஒருத்தருக்கு நெத்தியில லேசா இடிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். பஸ்சு வந்ததும் எங்களையெல்லாம் ஏத்தி உட்டுட்டாருங்க."

"அவனை ஏன் ஏத்திட்டு வரலீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நாங்க கூப்புட்டமுங்க. யானைத் தடத்துல வண்டிய உட்டுட்டு வந்தா காலைல தகரந்தான் கெடைக்கும், ஆற வெச்சுத் தனியா எடுத்துட்டு வாரேன்னாருங்க. முன்னாடி என்னமோ கழட்டிட்டு இருந்தாரு."

பேருந்து போய்விட்டது. நர்ஸ் போகவில்லை. அடுத்த வண்டியில் போய்க்கொள்கிறேன் என்று எங்களோடு நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகும் எனக்குப் பயம் தீரவில்லை. இப்போது அவன் தனியாக இருக்கிறான். பிரேக் ஆறினால் திரும்ப வரும். வந்துவிட்டதே என்று நம்பிவிடத் தோன்றும். சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் இரண்டு வளைவு தாங்காது.

மழை விட்டிருந்தது. வெளிச்சம் இருந்தது. நாங்கள் மூவரும் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். காவலர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் டம்ளரை வாங்கிச் செக்போஸ்ட் ஜன்னல் விளிம்பில் வைத்தார். அது அங்கேயே ஆறியது.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம்தான் வந்தது. ஜீப்பின் சாதாரண சத்தம் இல்லை. உயரமான, ஒரே சீரான ஓலம். பழக்கமில்லாதவர்களுக்கு எஞ்சின் உடையப் போகிறது என்று தோன்றும். நர்ஸ்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் நான்கு சக்கரத்தையும் சுற்றும்படி கியரைப் பூட்டி, லோவில் போட்டு, முதல் கியரில் இறங்கும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் வரும். அதில் வண்டியை எஞ்சின்தான் பிடித்துக்கொண்டு வருகிறது. பிரேக்கை அவன் நம்பவில்லை. மனிதன் நடக்கிற வேகம்கூட இருக்காது.

"வாரானுங்க" என்றேன்.

மூங்கில் புதர் தாண்டி ஜீப் வந்தது. மலைப் பக்கத்து ஓரமாகவே, அவசரமில்லாமல், மாடு இறங்குகிற மாதிரி வந்தது. இடது மட்கார்டு நசுங்கி மண் அப்பியிருந்தது. காவலர் ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கினார். நவீன் எங்களைப் பார்த்தான், பார்த்தும் கையசைக்கவில்லை. எங்களைத் தாண்டி சமதரைக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தான். அந்த ஓலம் நின்றதும் காதுக்குள் வலித்தது.

உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா போய்க் கதவைத் திறந்து, அவன் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்கப்பா" என்றான். இறங்கியபோது முழங்கை வரை கரியும் எண்ணெயும். சட்டையில் பிரேக் எண்ணெய் தெறித்திருந்தது. மாஸ்டரில் குழாய் நட்டைத் தளர்த்தி, அழுத்தம் பீச்சி வெளியே வருவதையும், அதோடு முன்சக்கரம் விடுபடுவதையும் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்தவனுக்குக் காரணம் அந்த வால்வுதான் என்பது தெரியாமல் இருக்காது.

அவன் என் எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சுட்டேம்மா. அத ஒன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன்."